தெளிநீர்த் தெருவின் பழைய பெயர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜெபசீலன் சார் கண்ணில் படும்படி ஒரு போர்டை எழுதி மாட்டிவிட்டு யாரும் நிம்மதியாகத் தொழில் நடத்திவிட முடியாது. தண்ணீர் கேன் கடைக்காரர் ஒருவர் 'குடிநிர்' என்று எழுதிவைத்த பாவத்துக்கு, மூன்று நாள் காலையும் மாலையும் போய் நின்று, "ஏம்ப்பா, அந்த நிக்கு மேல ஒரு சுழி போட்டா உன் சொத்து அழிஞ்சிருமா?" என்று கேட்டவர். நாலாம் நாள் அந்த மனுஷன் பெயிண்ட் டப்பாவோடு ஏணி மேல் நின்றார். முப்பத்து நான்கு வருஷம் தமிழ் வாத்தியார். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகிறது. பென்ஷன் வந்ததே தவிர வாத்தியார் போகவில்லை.

நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். பொய் சொல்ல மாட்டார். ஆனால் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கவும் மாட்டார். முதல் குணத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ரெண்டாவது குணம்தான் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்த்தது.

சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். வேலை கிடைத்து மெட்ராஸ் வந்தவர், தொண்ணூற்றாறில் சுப்பராயலுவிடம் ஒன்றரை கிரவுண்ட் வாங்கி வீடு கட்டினார். சுப்பராயலு இந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் அவர் மனை போட்டு விற்றார். இப்போது மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை, மேலே இரண்டு மாடி வாடகைக்கு. சாரும் அவரும் சம வயது. ஒருத்தர் பேசுகிற தமிழ் இன்னொருத்தருக்குக் காது வலி, ஆனாலும் சிநேகிதம்.

வீடு கட்டிய நாளிலிருந்தே சாருக்கு ஒரே ஒரு மனக்குறை. தெருவின் பெயர். 'கலங்கல் தெரு' என்று பச்சை போர்டில் வெள்ளையாக எழுதியிருக்கும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தால்கூட உறை மேலே அதுதான். "கலங்கின தெருவுல விசுவாசி எப்படிக் குடியிருப்பான்?" என்பார். கலங்கல் என்றால் என்ன? கலங்கிய தண்ணீர், சேற்றுத் தண்ணீர். மனசு கலங்குவதற்கும் அதே சொல்தான். ஒரு தமிழாசிரியருடைய விலாசத்தில் இப்படி ஒரு அபசகுனமா? பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, அப்போதைய நகராட்சிக்கு நாலு பக்கத்தில் மனு எழுதினார். இருபது தடவை நடந்து செருப்பைத் தேய்த்துக் காரியத்தை முடித்தார். புதுப் பெயர் 'தெளிநீர்த் தெரு'. பெயிண்டர் நடுவில் 'த்' போடாமல் எழுதிவிட்டு இறங்க, சார் கீழே நின்று திரும்ப ஏற்றிவிட்டார்.

சுப்பராயலு மட்டும் அன்றைக்குக் கேட்டார்: "இருந்த பேரு இன்னா சார் கெட்டுப்போச்சு? வெச்சவன் இன்னா கிறுக்கனா?"

சார் பதினைந்து நிமிஷம் நடுரோட்டில் பாடம் எடுத்தார். கலங்குதல், கலக்கம், கலக்குதல், கலவரம். சுப்பராயலு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். மேலே ஒன்றும் பேசவில்லை. அப்போது அந்தத் தெருவில் அவருக்கு இன்னும் மூன்று மனை விற்காமல் கிடந்தது. பெயர் மாறிய ஆறே மாசத்தில் மூன்றும் போய்விட்டது.

தெளிநீர் என்று பெயர் வைத்ததற்கு மரியாதையாகத் தண்ணீரே நேரில் வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்தில் வீட்டுக்குள் இடுப்பளவு. கட்டில் மேல் கட்டிலைப் போட்டு சாரும் அவர் மனைவி கிருபாவும் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தொன்றில் முழங்கால், இருபத்து மூன்றில் தொடை. முன்னெல்லாம் கார்த்திகை முழுக்க ஆற அமரப் பெய்கிற மழை, இப்போது யாரோ துரத்துகிற மாதிரி ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடுகிறது. மூன்று தடவையும் சேற்றை வாரிக் கழுவியது கிருபா. சார் நனைந்த புத்தகங்களை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தார். அதுவும் வேலைதான் என்று அவர் சொல்லுவார்.

நல்லவேளையாக, முதல் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாணவன் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். இருபத்து மூன்றில் கம்பெனி வந்து பார்த்து, ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் கதவுகளுக்கும் முனகாமல் பணம் கொடுத்தது. "பாத்தியா, உலகத்துல நியாயம் இன்னும் சாகலை" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

இந்த வருஷம் ஆகஸ்டில் நியாயம் தபாலில் வந்தது. பாலிசியைப் புதுப்பிக்கிறோம், ஆனால் வெள்ளத்துக்கு மட்டும் இனிப் பொறுப்பேற்க மாட்டோம் என்று கடிதம். காரணமும் போட்டிருந்தான்: கடலோர மாவட்டம், காலநிலை மாற்றம், தொடர் பாதிப்பு.

"கடலோரமா? நான் கடலைப் பாத்தே ஏழு வருஷம் ஆச்சு!" என்று சார் கத்தினார். "தீப்பிடிச்சா தருவானாம். நிலநடுக்கம் வந்தா தருவானாம். திருடன் வந்தா தருவானாம். எது வருதோ அதுக்கு மட்டும் தரமாட்டானாம். இதுக்குப் பேரு காப்பீடா?"

கடிதத்தில் இருந்த மூன்று பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, வேறு நாலு கம்பெனிக்கு எழுதினார். நாலு பேரும் மரியாதையாக அதையேதான் சொன்னார்கள்.

கனடாவில் இருக்கிற மகன் ஷெர்வினுக்குச் சேதி போனது. அவன் ரொம்ப நாளாகவே, பல்லாவரம் பக்கம் தான் வாங்கிப் போட்ட எட்டாவது மாடி ஃபிளாட்டுக்கு அப்பாவையும் அம்மாவையும் கிளப்பப் பார்க்கிறான். அவனுக்குக் கரும்பு தின்னக் கூலியா வேண்டும்?

"அப்பா, ரிஸ்க் எடுக்கறதுக்குன்னே கடை திறந்து வச்சிருக்கவன், உங்க வீடு வேண்டாங்கறான். நீங்க எதுக்குப்பா அதுக்குள்ள உக்காந்திருக்கீங்க? வித்துட்டு வாங்க."

எட்டாவது மாடி! அங்கே என்ன இருக்கிறது? திருத்துவதற்கு ஒரு போர்டு உண்டா? இங்கே ஒவ்வொரு கதவும் அவர் கூட நின்று போடவைத்தது. நடந்து போகிற தூரத்தில் சர்ச். எந்தக் கடையில் நின்றாலும் "வணக்கம் சார்" என்று ஒரு பழைய மாணவன். வீடு என்றால் சாருக்கு உயிர். அந்த ஆத்திரத்தில் வார்த்தையை விட்டார்: "எவனாவது வெள்ளத்தையும் சேத்து பாலிசி குடுத்தா நான் சாகுற வரைக்கும் இங்கதான். எவனுமே குடுக்கலேன்னா நீ சொல்ற இடத்துக்கு வாரேன், போ."

"பேச்சு மாறக் கூடாது" என்றான் மகன்.

"வாத்தியார்டே நான்" என்றார் சார்.

கிருபா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு வழி திறந்தது. அஞ்சாவதாக எழுதிக் கேட்ட ஒரு கம்பெனி, நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது. வந்தவர் பெயர் ராகவேந்திரா. முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் டேப்லெட், பேச்சில் பணிவு. சார் அவரை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார். மோட்டாரை மேலே ஏற்றியது, பிளக் பாயின்ட்டையெல்லாம் நெஞ்சு உயரத்தில் வைத்தது, வாசற்படிக்கு முன்னால் சிமெண்ட் தடுப்பு கட்டியது, சமையலறை அலமாரியைக் கல்லால் போட்டது. ராகவேந்திரா ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்தார்.

"பிரமாதமா செஞ்சிருக்கீங்க சார். மேப்ல பாத்தாலும் இந்த ஊர் ஏரி அறுநூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கு, நடுவுல ஃபிளாட்ஸ் வேற. பிரீமியம் கொஞ்சம் கூடும். ஆனா வெள்ளத்தையும் சேத்தே எழுதிடலாம்னு நினைக்கறேன்."

சார் கிருபாவைப் பார்த்த பார்வையில் ஒரு தேரோட்டமே நடந்தது. காபி வந்தது, முறுக்கு வந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார்" என்று டேப்லெட்டைத் தட்டினார் ராகவேந்திரா. "இந்தத் தெருவுக்கு முன்னாடி வேற பேர் ஏதாவது இருந்துதா? ஃபாரத்துல புதுசா ஒரு கட்டம் சேத்திருக்காங்க. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நானும் இல்லைன்னு போட்டுடவா?"

இல்லை என்று போட்டுடவாவா? ஜெபசீலன் சார் வாழ்க்கையில் செய்த ஒரே பொதுச் சாதனையை இல்லை என்று போட்டுடவா?

"இருங்க" என்று எழுந்தார்.

"ஏங்க, அவருக்கு நேரமாகுது" என்றாள் கிருபா. அவளுக்கு விஷயம் தெரியாது. சார் பேச எழுந்தால் ஒரு மணி நேரம் என்பது மட்டும்தான் தெரியும்.

பீரோவிலிருந்து ஃபைல் வந்தது. நாலு பக்க மனு, கையெழுத்துகள், நகராட்சித் தீர்மானத்தின் நகல், பழைய போர்டும் புதுப் போர்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற போட்டோ. "பழைய பேரு கலங்கல் தெரு. கேக்கவே எப்படி இருக்கு பாருங்க! நான்தான் தெளிநீர்த் தெருன்னு மாத்தினேன். அந்த த் கூட விடலை."

ராகவேந்திரா முறுக்கைத் தட்டிலேயே வைத்தார்.

"கலங்கலா சார்?"

"ஆமா. சேத்துத் தண்ணி."

"இல்ல சார்." ராகவேந்திரா கூச்சத்தோடு சொன்னார். "நான் திருக்கழுக்குன்றம் பக்கம். எங்க ஊர்ல ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி வெளியேறுற இடத்துக்குத்தான் சார் கலங்கல்னு பேரு. ஏரி கலங்கல் போகுதுன்னு சொன்னாலே மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டிடுவோம். அப்படீன்னா இந்தத் தெருதான் சார், ஏரித் தண்ணி போற வழி."

"கலுங்கா?" என்றார் சார் மெல்ல. "மறுகால் பாயுமே, அந்தக் கலுங்கா?"

"உங்க பக்கம் கலுங்குன்னு சொல்லுவீங்களோ?"

சாயர்புரத்தில் கலுங்கில் குதித்துக் குளித்தவர்தான் சார். மறுகால் பாய்கிற சத்தத்தில் தூங்கினவர்தான். இங்கே சொல் கொஞ்சம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றதும், யாரோ எவரோ என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். ஊர்க்காரன் எச்சரிக்கை எழுதி மாட்டி வைத்திருந்தான். அதைப் பிழை என்று அடித்துவிட்டார் தமிழாசிரியர்!

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இல்லைன்னு போட்டுட்டுப் போயிருப்பேன் சார்" என்றார் ராகவேந்திரா. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "இப்ப என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

இங்கேதான் வேறொரு ஆளாக இருந்தால் ஒரு கெஞ்சல், ஒரு கண் சிமிட்டல், ஒரு 'பாத்துப் போடுங்க தம்பி'. சாருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எழுதுங்க. பிழையில்லாம எழுதுங்க."

பத்தே நாளில் பதில் வந்தது. தங்கள் விலாசத்துக்கு வெள்ளக் காப்பீடு இயலாது.

சார் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போனார். "சுப்பராயலு! கலங்கல்னா என்னன்னு உமக்குத் தெரியும்லா? நிலத்தை வித்தீரே, ஒரு வார்த்தை சொன்னீரா?"

சுப்பராயலு ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கீழே வைத்தார். "நான் எதுக்கு சார் சொல்லணும்? தெரு முனைல இவ்ளோ பெரிசா எழுதி வெச்சிருந்துச்சே. படிச்சவரு பாத்துத்தான் வாங்குறாருன்னு நென்ச்சேன். அப்பால நீயே அதக் கழட்டிப்புட்ட. எனக்கு மூணு மனை கீது, நான் வாயத் தொறப்பனா? நான் வியாபாரி சார். நீதான வாத்யாரு?"

திட்டலாம் என்று போன மனுஷன், பாடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வீட்டை விற்பது என்று ஆனது. விற்றுக் கொடுக்கிற பொறுப்பைப் பாவ மன்னிப்பு மாதிரி சுப்பராயலுவே ஏற்றுக்கொண்டார். "ஒரே ஒரு கண்டிசன் சார். பார்ட்டி வந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்."

அக்டோபர் முதல் வாரம் ஒரு பெண் வந்தாள். ஜெரூஷா என்று பெயர், பேங்கில் வேலை. கல்யாணமானதிலிருந்து கோவிலம்பாக்கத்தில் வாடகை வீடு. புருஷனுக்கு ஷிஃப்ட் என்று தனியாகத்தான் வந்திருந்தாள். வண்டியை நிறுத்தியதும் முதலில் தெரு போர்டைப் பார்த்தாள்.

"தெளிநீர்த் தெரு! என்ன அழகான பேர் சார். நடுவுல அந்த த் போட்டு சரியா எழுதியிருக்காங்க பாருங்க. எங்க ஏரியால எல்லாத்தையும் கொலை பண்ணி வச்சிருக்காங்க."

பதிமூன்று வருஷத்தில் அந்த 'த்'தைக் கவனித்த முதல் ஆத்மா. ஜெபசீலன் சார் உருகிப் போனார். இந்தப் பிள்ளையைப் போயா ஏமாற்றுவது?

சுப்பராயலு கதவு தேக்கு என்றார், தண்ணி தித்திப்பு என்றார், ஸ்டேஷன் பக்கம் என்றார். ஜெரூஷா எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டாள்: "மழைக்குத் தண்ணி வருமா சார்?"

"இங்கயா? சான்ஸே இல்..."

"வரும்" என்றார் சார். சுப்பராயலு நெற்றியில் கையை வைத்தார். சார் சுவரில் வைத்துக் காட்டினார். "மூணு தடவை வந்திருக்கு. இந்தா, இதுவரைக்கும் ஒரு தடவை. அந்த ஜன்னல் கம்பி வரைக்கும் ஒரு தடவை. இது ஏரி கலங்கல் போற வழிம்மா. பேரை மாத்தினவன் நான்தான். வெள்ளத்துக்கு எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் தரமாட்டான். எல்லாம் யோசிச்சுக்கோ."

ஜெரூஷா ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"உன்ன வெச்சுகினு ஒரு பொட்டிக்கடையைக்கூட விக்க முடியாது. பேஜாரு புடிச்ச ஆளு சார் நீ" என்று சுப்பராயலுவும் நடையைக் கட்டினார்.

அன்றைக்குச் சாயந்திரம் சார் டீ குடிக்கும்போது மெல்லப் பாட்டு முனகினார். கிருபா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நீங்க அந்தப் பிள்ளைட்ட உண்மையைச் சொன்னீங்களா, இல்ல வீடு விக்காமப் போகட்டும்னு சொன்னீங்களா?"

சார் முனகுவதை நிறுத்தினார். பாலிசி இல்லாவிட்டால் வருகிறேன் என்றுதானே மகனிடம் சொன்னது? வாங்க ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பேச்சில் இல்லையே. உண்மையைச் சொல்லிக்கொண்டே வருகிறவர்களை எல்லாம் துரத்திவிட்டால், பொய்யும் சொன்னதாகாது, வீடும் தங்கும். இந்தக் கணக்கு மனசில் ஓடியதை அவர் மறுக்கவில்லை. "ரெண்டும்தான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"மூணு தடவையும் சேறு வாருனது நான்" என்றாள் கிருபா. "எட்டாவது மாடிக்கு வான்னு அவன் கூப்பிட்டப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நீங்க கேக்கவே இல்லியே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சாருக்கு அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஜெரூஷா பேசறேன். வீட்டை எடுத்துக்கறோம்."

சாருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "ஏம்மா, நான் சொன்னதைக் கேட்டியா? தண்ணி வரும்மா."

"கேட்டேன் சார். உங்க வீட்டுக்கு முன்னாடி பதினொரு வீடு பாத்தாச்சு. பதினொரு பேர்கிட்டயும் தண்ணி வருமான்னு கேட்டோம். பதினொரு பேரும் சான்ஸே இல்லைன்னாங்க. எங்க ஹவுஸ் ஓனரும் அதைத்தான் சொன்னார், நாங்க இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு போன் பண்ணப்போகூட. எங்க வரும், எதுவரைக்கும் வரும்னு கையை வச்சுக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். எப்படியும் தண்ணிலதான் இருக்கப் போறோம் சார். தெரிஞ்ச தண்ணில இருந்துக்கறோம். மேல ஒரு ரூம் போட்டுக்கறோம். விலைய மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கம்பெனிக்காரனிடம் சொன்ன உண்மை பாலிசியைக் கொண்டுபோனது. இவளிடம் சொன்ன உண்மை வீட்டையே கொண்டுபோகிறது. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு வீட்டோடு இதையும் பன்னிரண்டாவதாக நினைத்து அவள் போயிருப்பாள். சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. சமாளிக்கத் தெரியவில்லை.

கிருபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவரும் அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

"சரிம்மா" என்றார் போனில். "எடுத்துக்கோ."

"ரொம்ப தேங்க்ஸ் சார்! மழை பிடிக்கறதுக்கு முன்னாடியே குடி வந்துடலாமா? இந்த வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்றார்."

சார் வெளியே பார்த்தார். வானம் மூடிக்கொண்டிருந்தது. ஜெரூஷாவுக்குக் குழந்தை உண்டா என்று கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

"வேண்டாம்மா. அவர்ட்ட நான் பேசுதேன். பொங்கல் கழிச்சு வா. இந்த ஒரு மழைக்கு மட்டும் நாங்க இருந்துட்டுப் போறோம்."

"ஏன் சார்?"

"தண்ணி எந்தப் பக்கமா ஏறும், எதை முதல்ல தூக்கணும்னு எங்களுக்குப் பழக்கம். உனக்குப் பழக்கமில்லல்லா. இந்தத் தடவை சேறு நான் வாரிக்கிடுதேன்."

கடைசி வாக்கியம் ஜெரூஷாவுக்குப் புரியவில்லை. அது அவளுக்குச் சொன்னதுமில்லை.

"சரி சார். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பத்திரமா இருங்க" என்றாள்.